அடிமனை விஷயமாக உனக்கு எழுதுவது

சாமி,

நீ நன்றாக இருக்க வேண்டும், சௌமியா நன்றாக இருக்க வேண்டும், உங்கள் இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் வரக் கூடாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு வரப்போவதில் ஆசீர்வாதம் மாதிரி எதுவும் இருக்காது. போனில் சொல்லலாம்தான். சொன்னால் நீ "அம்மா, மீட்டிங்ல இருக்கேன், ஒரு நிமிசம்" என்பாய். உன்னுடைய ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வரும். கடிதம் என்றால் மீட்டிங் முடிந்த பிறகும் அங்கேயே கிடக்கும். ஊசியில் நூல் கோப்பதற்கே கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிற வயதில் உட்கார்ந்து இவ்வளவு எழுதியிருக்கிறேன், பாதியில் நிறுத்திவிட்டு "சுருக்கமாச் சொல்லும்மா" என்று கூப்பிடாதே.

போன வியாழக்கிழமை காலையில் நாமக்கல் மாமா நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் நீ அனுப்பிய வக்கீல் நோட்டீஸ். எனக்குச் சொல்லாமல், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பெங்களூரில் உன் கூடப் படித்த யாரோ ஒரு வக்கீலைப் பிடித்து இங்கிலீஷில் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறாய். சௌமியாவும் இதைப் படிப்பாள், மாமா யார் என்று கேட்பாள், ஆகையால் அவளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அம்மணி, நாமக்கல் மாமா எங்களுக்கு ரத்த சொந்தம் இல்லை. முறை வைத்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மாமா ஆனவர். உன் புருஷன் உங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது "திருச்செங்கோட்டில் சொந்த வீடு இருக்கிறது" என்று பெருமையாகச் சொன்னான் அல்லவா, அது பாதி நிஜம். சுவர் நம்முடையது, கூரை நம்முடையது, கதவு ஜன்னல் எல்லாம் நம்முடையது. இவை நிற்கிற மண் மாமாவுடையது. இங்கே அதை அடிமனை என்பார்கள். முப்பது வருஷத்துக்கு லீஸ் எழுதி அந்த மண்ணின் மேல் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். அந்த முப்பது வருஷம் வருகிற ஆனியோடு முடிகிறது. நீட்டித்து எழுதாவிட்டால் நான் கட்டிய வீட்டை நானே விட்டுவிட்டு வெளியே போக வேண்டும். இதுதான் விஷயம்.

சாமி, இந்த மண் எப்படி வந்தது என்று உனக்கு உன் அப்பா சொன்ன கதை வேறு, அவர் எதையும் கொஞ்சம் பெரிதாக்கித்தான் சொல்வார். நடந்தது இவ்வளவுதான். மாமாவின் அப்பா நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை போட்டபோது தண்ணீர் இல்லை. ஊரில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக்காரர்கள் எல்லாம் வந்து போர் போட்டுப் பார்த்துப் புழுதியோடு திரும்பினார்கள். உன் அப்பா அப்போது ரிக் வண்டியில் ஆபரேட்டர். அவர் போட்ட இடத்தில் தண்ணீர் வந்துவிட்டது. அவருடைய திறமையோ, அந்த இடத்தின் அதிர்ஷ்டமோ, எனக்குத் தெரியாது. பெரியவர் சந்தோஷத்தில் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். உன் அப்பா, திருச்செங்கோட்டில் மலையடிவாரத்தில் உங்களுக்கு மனை இருக்கிறதே, அதில் ஒன்றை விலைக்குக் கொடுங்கள் என்றிருக்கிறார். "மண்ணு விக்கறதில்லீங்க தம்பி. எங்கப்பனுக்கு வாக்குக் குடுத்திருக்கறேன். ஊடு கட்டிக்குங்க, புள்ள குட்டியோட இருந்துக்குங்க, ஆரு கேக்கப் போறாங்க" என்றாராம். உன் அப்பா அந்த மட்டில் தலையாட்டிவிட்டு வந்திருந்தால் இன்றைக்கு நமக்குப் பேச வாயே இருந்திருக்காது. அவர் ஆந்திராவிலும் வடக்கேயும் போர் போடப் போய்ப் பேச்சில் கொடுத்ததெல்லாம் என்ன ஆகும் என்று பார்த்தவர். பத்திர ஆபீஸுக்குப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய் முப்பது வருஷத்துக்குப் பதிந்து வாங்கினார். பதிந்த கையோடு ரிக் வண்டியில் ஏறிப் போய்விட்டார். வீட்டைக் கட்டியது நான். நீ இடுப்பில், ஒரு கையில் கொத்தனாருக்குத் தண்ணீர்ச் சொம்பு. வாசக்கால் எங்கே வர வேண்டும், சமையலறை ஜன்னல் எவ்வளவு உயரம், எல்லாம் நான் சொன்னது. உன் அப்பா திரும்பி வந்து பார்த்தபோது கூரை போட்டாகிவிட்டது.

அப்பா தவறிப்போன பிறகு முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு உன்னைப் படிக்க வைத்தேன் என்று பாட்டுப் பாடப் போவதில்லை, பயப்படாதே. இப்போதும் அந்த முன்னறையில் உட்கார்ந்துதான் ஜாக்கெட் தைக்கிறேன். கல்யாணப் பெண்கள் வருகிறார்கள், காலேஜ் பெண்கள் சுடிதாரைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவருகிறார்கள், சேலம் பஸ்ஸில் வந்து இறங்கி வழி கேட்காமல் வீட்டுக்கு வந்து சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். அது என் பிழைப்பு. பொழுதுபோக்கு என்று நீ உன் நண்பர்களிடம் சொல்கிறாய், நான் கேட்டிருக்கிறேன்.

சரி, லீஸ் முடியப் போகிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும். என்ன செய்தேன் என்று கேள், கேட்டால் உனக்கு என் மேல் எரிச்சல் வரும், வரட்டும், எனக்கே வருகிறது. வருஷா வருஷம் தை மாதம் அடிமனை வாடகையை வெற்றிலை பாக்கு தேங்காயோடு தட்டில் வைத்து நாமக்கல்லுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் வழக்கம். அவர்கள் தட்டை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள், அது அவர்கள் வழக்கம். பெரியவர் காலத்தில் நிலக்கடலை வரும், இப்போது முட்டை வருகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போனபோது நீட்டிப்பதைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸில் பாடம் பண்ணிக்கொண்டேதான் போனேன்.

"ஏனுங்கண்ணா, அந்த அடிமனை விசயமா…" என்று வாயெடுத்தேன்.

"அதுக்கென்னங்கம்மிணி, மொதல்ல கையக் கழுவுங்க. வெயில்ல வந்திருக்கறீங்க" என்றார்.

கையைக் கழுவினேன். சாப்பிட்டேன். அண்ணி, அதாவது மாமாவின் வீட்டுக்காரி, இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று போட்டுக்கொண்டே இருந்தார். வயிறு முட்டச் சோறு போட்டவர்களிடம் உடனே மண்ணைப் பற்றி எப்படிப் பேசுவது? மழையைப் பற்றிப் பேசினோம், முட்டை விலையைப் பற்றிப் பேசினோம், கிளம்பும்போது "அப்பறமுங்கண்ணா…" என்றேன், "அதுக்கென்னங்க, பாத்துக்கலாமுங்க" என்றார். முட்டையோடு வந்து சேர்ந்தேன். அடுத்த தடவை போனபோது அவர்கள் மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் போய் லீஸ் முடிகிறது, எழுதிக் கொடுங்கள் என்று நிற்பதா? முட்டையோடு வந்தேன். அதற்கடுத்த தடவை பண்ணையில் கோழிக்குச் சீக்கு, மாமா முகமே சரியில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. அன்றைக்கும் முட்டைதான். தெருவில் எல்லா வீட்டுக்கும் முட்டை கொடுத்தேன், லீஸ் மட்டும் கிடைக்கவில்லை. நம் பக்கத்தில் ஆளுக்கு ஆள் இப்படித்தான். கேட்டால் மரியாதைக் குறைவு, கேட்காவிட்டால் பெருந்தன்மை. இந்தப் பெருந்தன்மையால் எத்தனை வேலிச் சண்டை வந்திருக்கிறது என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆனாலும் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். மாமா உள்ளே வந்தார், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. சௌமியாவுக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். உனக்குத் தெரியும், நம் பக்கத்தில் ஒரு மனிதர் வந்த வீட்டில் தண்ணீர் வேண்டாம் என்றால் அதற்கு மேல் வசவு ஒன்றும் தேவையில்லை.

"ஏனுங்கம்மிணி, நான் என்னங்க தப்புப் பண்ணிப்போட்டேன்?" என்றார். "எங்க மாப்பிள்ளைதான் படிச்சுத் தமிழ்ல சொன்னாப்ல. முப்பது வருசம் நீட்டிச்சுத் தரோணுமாம், இல்லீனா கட்டடத்துக்கு நட்டஈடு தரோணுமாம், தப்புச்சுன்னா கோர்ட்டாம். எங்கப்பா இந்த மண்ணைக் குடுக்கறப்போ கோர்ட்டுப் பேச்சு வந்துச்சுங்களா?"

"இல்லீங்கண்ணா. எனக்கே தெரியாதுங்க இது. மொதல்ல உக்காருங்க."

"நின்னுக்கறேனுங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"கேக்கத்தானுங்கண்ணா ரெண்டு வருசமா வந்தேன்."

"வந்தீங்க. சாப்பிட்டீங்க. கேக்கலீங்களே."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. கொஞ்சம் கோபமும் வந்தது. "உங்களுக்கும் தெரியுமில்லீங்கண்ணா, காலம் முடியுதுன்னு. நீங்களாச்சும் பேச்ச எடுத்திருக்கலாமுங்களே" என்றேன். "நானா எடுத்தா, காலி பண்ணச் சொல்றாங்கன்னு நெனச்சுப்போடுவீங்கன்னுதானுங்க வாயத் தொறக்கலை" என்றார். பார், அவரும் பெருந்தன்மைக்காரர். இரண்டு பெருந்தன்மைக்காரர்கள் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு வருஷம் சோறு சாப்பிட்டிருக்கிறோம்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதுவும் போக, தம்பிதானுங்க சொன்னாப்ல" என்றார். எந்தத் தம்பி? நீதான். அவர் மகள் கல்யாணத்தில், பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அம்மாவ எங்கூடயே கூட்டிக்கிட்டுப் போயர்றேனுங்க மாமா, இனி தனியா எதுக்குங்க அங்க இருந்துக்கிட்டு" என்று சொல்லியிருக்கிறாய். அவர் நம்பிவிட்டார். ஏன் நம்பமாட்டார்? பெற்ற மகன் சொல்கிறான். சரி, அந்த அம்மா பெங்களூர் போய்விடும், மண் காலியாகும் என்று நினைத்துத் தன் மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை அங்கே காலேஜ் பெண்களுக்கு ஹாஸ்டல் கட்டுவதாகப் பிளான் போட்டு, இஞ்சினியரைக் கூட்டி வந்து தெருவில் நின்று பார்த்துவிட்டும் போயிருக்கிறார். நான் உள்ளே உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் உன்னிடம் போனில் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? சிரித்தாய். "கல்யாண வீட்டுல வேற என்னம்மா சொல்றது? அம்மாவை ஏன் தனியா உட்டிருக்கேன்னு மாமா கேட்டாரு. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றாய். பேச்சுக்குச் சொல்வதற்கு வேறு பேச்சே கிடைக்கவில்லையா உனக்கு? சாம்பார் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ரோடு போட்டிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். பெற்றவளை எங்கே வைப்பது என்பதைப் பந்தியில் உட்கார்ந்து பேச்சுக்குச் சொல்வார்களா? செய்ய நினைக்காத ஒன்றை நாலு பேர் முன்னால் சொல்லாதே, சாமி. இதை நான் உனக்குப் புத்தியாகச் சொல்லவில்லை, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நம் ஊரில் அழகாகச் சொன்ன வார்த்தையை ஆள் நம்பிவிடுகிறார்கள், நம்பி அதன் மேல் ஹாஸ்டல் கட்டுகிறார்கள்.

நான் பெங்களூர் வர மாட்டேன் என்பது உனக்கு நன்றாகத் தெரியும். வந்து ஒரு மாதம் இருந்து பார்த்தேனே. சௌமியாவைக் குறை சொல்ல மாட்டேன், அவள் என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டாள், உன்னைவிட அதிகம் பேசினாள். ஆனால் கறிவேப்பிலை இல்லை என்று எதிர் வீட்டுக் கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து ஒரு குரல் நான் எந்த ஃபிளாட், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது. கறிவேப்பிலை என்று சொல்ல எனக்கு வெட்கமாகிவிட்டது. திரும்பி வந்து கறிவேப்பிலை இல்லாமல் தாளித்தேன், உனக்கு அது தெரியவும் இல்லை. அந்த ஊரில் நான் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். வேறு ஒன்றும் எனக்கு அங்கே வேலை இல்லை.

சனிக்கிழமை மாமா அண்ணியையும் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார், தண்ணீரும் குடித்தார், எனக்குப் பாதி உயிர் வந்தது. "மாப்பிள்ளைகிட்டப் பேசிப்போட்டனுங்க. நீங்க எங்கியும் போக வேண்டாம். உங்க காலம் இருக்கற வரைக்கும் இந்த ஊட்ல நீங்களே இருங்க. அடிமனை வாடகைகூட வேண்டாமுங்க. அப்படியே பத்திரத்துல எழுதிப்போடலாம். அதுக்கப்பறம் மண்ணு எங்களுக்கு வந்துரட்டும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் நன்றி சொன்னேன். அவர்கள் போனதும் உனக்குப் போன் செய்தேன். உன்னிடம் சொல்லி முடிக்கவில்லை, "சூப்பர்மா. அது போதும்மா. உனக்கு அது போதுமில்ல?" என்றாய்.

முப்பது வருஷம் வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டு என்று இங்கிலீஷில் உறுமியவன் நீ. அவர் என் காலம் வரைக்கும் என்றதும் போதும் என்றுவிட்டாய். "அப்பறம் ஊடு என்னம்மா ஆகும்?" என்று ஒரு வார்த்தை, பேச்சுக்குக்கூட, நீ கேட்கவில்லை. பந்தியில் பேச்சுக்குச் சொல்லத் தெரிந்தவனுக்கு இதைப் பேச்சுக்குக் கேட்கத் தெரியவில்லை. எனக்கு வலித்தது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது, ஆகையால் எழுதிவிடுகிறேன், வலித்தது. நீ இந்த வீட்டுக்குத் திரும்பி வரப்போவதில்லை என்றால் அது பாவம் ஒன்றும் இல்லை. உன் பிழைப்பு அங்கே, உன் பெண்டாட்டியின் வேலை அங்கே. ஆனால் அதை என்னிடம் நீ நேராகச் சொன்னதே இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து, "ரிட்டயர் ஆனதும் இங்க வந்துருவம்மா, மாடி எடுத்துக் கட்டலாம்" என்று மொட்டை மாடியில் நின்று அளவு காட்டிவிட்டுப் போகிறாய். அதையும் நான் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

உன் மேல் இருந்த கோபத்தில் முதலில் எனக்கு அந்தப் பத்திரத்தின் லட்சணம் உறைக்கவில்லை. இரண்டு நாளில் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணி சுக்கும் மிளகும் கொடுத்தனுப்பினார், அன்றைக்கு நான் இருமினேனாம். திங்கட்கிழமை மாப்பிள்ளை டேப் எடுத்துக்கொண்டு வந்தார். "நீங்க உங்க வேலையப் பாருங்கத்தே, நான் சும்மா அளந்துக்கறேன்" என்றார். அளந்து முடித்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்து, "சுகர் இருக்குங்களாத்தே?" என்றார். காப்பிக்குக் கேட்கிறார் என்று சர்க்கரை டப்பாவை எடுக்கப் போனேன். "இல்லீங்க, உங்களுக்குச் சுகர், பிரசர் ஏதாச்சும் இருக்குங்களான்னு கேட்டேன்" என்றார். அன்பாகத்தான் கேட்டிருப்பார். ஆனால் எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, இனிமேல் இந்தக் குடும்பத்தில் யார் என் உடம்பைப் பற்றிக் கேட்டாலும் நான் வேறு மாதிரிதான் காதில் வாங்குவேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் ஒருவருக்கு ஹாஸ்டல் வரும். நான் ஆஸ்பத்திரியில் படுத்தால் இஞ்சினியருக்குப் போன் போகும். நல்ல மனிதர்கள், முப்பது வருஷம் சோறு போட்டவர்கள், அவர்களை நான் அப்படிப் பார்க்கும்படி ஆகிவிடும். என் ஆயுசை அளவாக வைத்து ஒரு பத்திரம் எழுதினால் வேறு என்ன நடக்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. முன்னறைக் கூரை ஒழுகுகிறது, நீ போன மழையில் பக்கெட் வைத்த இடம். அதை உடைத்துக் கான்கிரீட் போட்டு, அறையை நீட்டி, இன்னும் இரண்டு மெஷின் போட்டு ஆட்களை வேலைக்கு வைக்க வேண்டும் என்று நான் நினைத்து நாளாகிறது. உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் "இந்த வயசுல எதுக்கும்மா?" என்பாய். என் மூச்சோடு முடிகிற வீட்டுக்கு யாராவது புதுக் கூரை போடுவார்களா? ஒழுகட்டும் என்று பக்கெட்டை நகர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நான் உயிரோடு இருக்கலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது, எதையும் புதிதாகச் செய்யலாம் என்று கிடைக்கவில்லை.

நேற்று காலையில் நாமக்கல் பஸ் ஏறினேன். தட்டு, தேங்காய் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. மாமா, அண்ணி, மாப்பிள்ளை மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். அண்ணி என்னைப் பார்த்ததும் இலை எடுக்கப் போனார்.

"சோறு அப்பறமுங்கண்ணி. மொதல்ல பேசிப்போடறேன். இல்லீனா எனக்கு வாய் வராது" என்றேன்.

அண்ணி கையில் இலையோடு அப்படியே நின்றுவிட்டார். அந்த வீட்டில் அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் நிறுத்தவில்லை.

"என் காலம் வரைக்கும்னு எழுத வேண்டாமுங்கண்ணா. பழையபடி முப்பது வருசத்துக்கு நீட்டிச்சு எழுதிக் குடுங்க. சும்மா வேண்டாம், இன்னிக்கு என்ன வாடகை ஞாயமோ அதப் போடுங்க, நான் தாரேன். நோட்டீசு அனுப்பினது தப்புங்க, அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். இது நோட்டீசுக்காகக் கேக்கலீங்க. நானே கேக்கறேன்."

மாப்பிள்ளைதான் பேசினார். "முப்பது வருசம் ஆருக்குங்கத்தே? உங்க பையன் பெங்களூர உட்டு வரப்போறதில்லீன்னுதானுங்களே பேச்சு?"

"எனக்குத்தானுங்க."

"உங்களுக்கு இப்பவே…" என்று ஆரம்பித்து, மரியாதை கருதி மீதியை விழுங்கிக்கொண்டார்.

"அறுவத்திமூணு. முடியறப்போ தொண்ணூத்திமூணு வருமுங்க. வந்தா வரட்டும். கூரை வேற போடோணும், நெறைய வேலை இருக்குதுங்க."

அண்ணிதான் முதலில் சிரித்தார். இலையைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "கேட்டிருந்தா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்னு அவுங்க ஊட்டு வாசல்ல நின்னு சொன்னது நானுங்க. இப்பக் கேட்டுப்போட்டாங்க. ஹாஸ்டலுக்கு வேற மனை பாக்கலாமுங்க" என்றார். மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது, அதைப் பற்றி நான் ஒன்றும் செய்ய முடியாது. வாடகை நல்ல உயரத்துக்குப் போட்டார்கள், சில வருஷத்துக்கு ஒரு தடவை ஏற்றுவதாகவும் எழுதுகிறார்கள். ஒப்புக்கொண்டேன். தைத்துக் கட்டுவேன். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டேன், இவ்வளவு வருஷத்தில் அந்த வீட்டுச் சோற்றின் ருசி எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

வருகிற முகூர்த்த நாளில் பத்திரம். பழைய லீஸ் அப்பா பேரில் இருப்பதால் அவருடைய வாரிசு என்று நீயும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். லீவு கிடைக்காது என்று சொல்லாதே. கோவா போக லீவு கிடைத்தது. வந்ததும் முதலில் மாமா வீட்டுக்குப் போய், நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்புறம் உட்கார். நீ கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. நான் இரண்டு வருஷமாகக் கேட்காமல் விட்டதை நீ ஒரு தபாலில் கேட்டாய், அது வரைக்கும் சரி. ஆனால் தெரிந்த மனிதரிடம் கேட்க வேண்டியதைத் தெரியாத வக்கீல் வாயால் கேட்டாய். எனக்கு வாய் இல்லை, உனக்கு முகம் இல்லை. இரண்டும் சேர்ந்து இந்த வீட்டை இழக்க வைக்கப் பார்த்தன.

கடைசியாக ஒன்று. எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது மாமா கேட்டார், "ஏனுங்கம்மிணி, நூறு வயசு நீங்க இருக்கோணும், ஆனாலும் எழுதறப்போ கேக்கோணுமில்லீங்களா. நடுவுல உங்களுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா மிச்ச வருசம் ஆரு பேருக்குங்க?" என்று. வாயில் உன் பேர்தான் வந்தது, பெற்ற வாய் அல்லவா. ஆனால் சொல்லவில்லை. அந்த இடத்தை மட்டும் எழுதாமல் விடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நீ என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த வீடு உனக்கு வேண்டும் என்றால் "வேணும்மா" என்று கேள், நான் இருக்கும்போதே வருஷத்துக்கு நாலு தடவை வந்து இருக்கிற மாதிரி கேள். வேண்டாம் என்றால் "வேண்டாம்மா" என்று சொல். நான் அழ மாட்டேன் என்று சொல்லமாட்டேன், அழுவேன், அழுதுவிட்டு அடுத்த வாரம் கொத்தனாரை வரச் சொல்வேன். இரண்டில் எதைச் சொன்னாலும் நீ என் மகன்தான். "உன் இஷ்டம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதே, சாமி. அதைச் சொன்னால் நான் உன் பேரை எழுத மாட்டேன்.

நீ வருகிற பஸ் எது என்று சொல்,
அம்மா